போர்த்தி வைத்த செம்பு

“எனக்குள்ளே இருந்த சூடு தீர்ந்து போச்சுங்க அம்மணி. இந்தப் பாயை வாங்கிக்குங்க.”

நாச்சிமுத்து, சுருட்டிய கோரைப் பாயை வேலாத்தாளின் முன்னால் வைத்தார்.

வேலாத்தாள் பாயைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள்.

அவருக்கு அறுபத்திரண்டு வயது. அவளுக்கு முப்பத்தைந்து. அவள்தான் குரு, அவர்தான் சீடர். அந்த மருந்துச்சாலையில் யாருக்கும் இது வேடிக்கையாகத் தெரிவதில்லை. உப்புகளைப் பற்றி அவளுக்குத் தெரிந்த அளவு சுற்று வட்டாரத்தில் வேறு யாருக்கும் தெரியாது.

மருந்துச்சாலைக்கு ஒரு வழக்கம் உண்டு. மருந்து கொடுத்தும் ஒருவர் பிழைக்காமல் போனால், அந்த வீட்டுக்கு மருந்துச்சாலையிலிருந்து ஓர் ஆள் பாயோடு போவார். வாசல் பக்கம் பாயை விரித்து மூன்று நாள் உட்கார்ந்திருப்பார். தானாக எதுவும் பேச மாட்டார். கேட்டால் பதில் சொல்வார். யாராவது அழுதால் அருகில் இருப்பார். அந்த வீட்டில் எதையும் வாங்கிக்கொள்ள மாட்டார், ஒரு வாய்த் தண்ணீர்கூட. சோறும் தண்ணீரும் மருந்துச்சாலையிலிருந்தே வரும். நாலாம் நாள் விடிந்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டு திரும்பிவிடுவார்.

பதினோரு வருடமாக அந்தப் பாய் நாச்சிமுத்துவிடம்தான் இருந்தது. அதற்கு முன்னால் அவர் மாட்டுத் தரகர். பேசியே பிழைத்தவர். பேசாமல் உட்காரும் வேலையை அவராகத்தான் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இப்போது அதைத் திருப்பித் தருகிறார்.

“என்ன நடந்துதுங்க அண்ணா?”

“கொடிக்கால் சென்னியப்பன் வீட்டுக்குப் போயிருந்தேனுங்களே.”

“ஆமா. ரங்காத்தாளுக்காக.”

“மூணாம் நாள் சாயங்காலம் அந்த மனுசன் என் பக்கத்துல வந்து உட்கார்ந்தாருங்க. ஒண்ணும் பேசலை. என் கையைப் பிடிச்சாரு.”

“சரி.”

“நான் இழுத்துக்கிட்டேன்.”

வேலாத்தாள் அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

“அந்த வீட்டுல எதையும் வாங்கக் கூடாதுங்கிறது வழக்கமாச்சேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். பொய்யிங்க. பயந்துட்டேன். எனக்குள்ளே மிச்சம் இருக்கிற கொஞ்சத்தையும் அவரு எடுத்துக்குவாருன்னு பயம். பொண்டாட்டியைப் பறிகொடுத்தவன் கையை உதறிட்டு வந்தவன் நான். எனக்கு எதுக்குங்க இந்தப் பாய்?”

“அது நடந்து எத்தனை நாள் ஆச்சு?”

“ஒம்பது நாளுங்க.”

“இந்த ஒம்பது நாளா என்ன பண்ணுனீங்க?”

“இருக்கிற சூட்டையாவது காப்பாத்திக்கலாம்னு அறைக்குள்ளேயே இருந்துக்கிட்டேன். சோறுகூட வாசப்படிக்கு வந்துருது.”

“காப்பாத்துச்சுங்களா?”



“இல்லீங்க. நாளுக்கு நாள் சில்லுனுதான் ஆகுது.”

வேலாத்தாள் எழுந்தாள். பாயை எடுத்துச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். வாங்கிக்கொண்டேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

“எனக்குக் காலையிலே கொஞ்சம் வேலை கெடக்குதுங்க அண்ணா. கூட இருந்து கை கொடுங்க.”

*

பின்கட்டில் மருந்துக்குப் புடம் போடும் குழி இருந்தது. வறட்டி கனன்றுகொண்டிருந்தது.

வேலாத்தாள் ஒரு கல்லுப்பை நீளமான இரும்புக் கரண்டியில் வைத்து அவரிடம் நீட்டினாள்.

“இந்த உப்பைக் கரைச்சுக் கொடுங்க.”

“நெருப்புலயா?”

“நெருப்புலதான்.”

நாச்சிமுத்து கரண்டியைக் கங்குக்குள் நீட்டினார். உப்பு படபடவென்று வெடித்தது. ஒரு துணுக்கு அவர் தோளைத் தாண்டிப் போய் விழுந்தது.

அடுப்படியிலிருந்து பொன்னாத்தாள் எட்டிப் பார்த்தாள். மருந்துச்சாலைக்குச் சமைப்பவள் அவள்.

“ஏனுங்க சாமி, ஒம்பது நாள் கழிச்சு வெளியே வந்ததே உப்பு வறுக்கத்தானா? சொல்லியிருந்தா கடலையாவது கொடுத்திருப்பேனே!”

நாச்சிமுத்து வறட்டியைக் கிளறிவிட்டார். ஊதுகுழலை எடுத்து ஊதினார். கண் எரிந்தது. நெற்றியில் வியர்வை வழிந்தது. கரண்டியின் முனை மங்கலாகச் சிவந்தது.

உப்பு உப்பாகவே இருந்தது.

“முடியலீங்க அம்மணி.”

“சரி, விடுங்க.”

அவள் ஒரு பித்தளைச் செம்பில் தண்ணீர் எடுத்தாள். அதில் வேறொரு கல்லுப்பைப் போட்டாள். ஒரு குச்சியால் நிதானமாகக் கலக்கினாள்.

கொஞ்ச நேரத்தில் உப்பைக் காணோம்.

நாச்சிமுத்து செம்புக்குள் பார்த்தார். வாழ்நாள் முழுவதும் பார்த்த காட்சிதான். இன்றைக்குத்தான் அதிசயமாக இருந்தது.

“நெருப்பால ஆகாததைப் பச்சைத் தண்ணி எப்படிங்க பண்ணுச்சு?”

“ஒரு உப்புக்குள்ள ரெண்டு பேரு இருக்காங்க அண்ணா. ஒருத்தரு கொடுத்தவரு. ஒருத்தரு வாங்கிக்கிட்டவரு. கொடுத்து வாங்கின பின்னால ஒருத்தரை ஒருத்தர் விடறதில்லை. அவங்க சேர்ந்தப்ப ஒரு சூடு வெளியே வந்திருக்கும்.”

“அந்தச் சூடு எங்கே போச்சுங்க?”

“கல்யாண வீட்டுச் சூடு எங்கே போகும்? சுத்தி நின்னவங்களுக்குப் போகும்.”

“அவங்களைப் பிரிக்கணும்னா?”

“அன்னிக்கு எவ்வளவு சூடு வெளியே வந்துதோ, அவ்வளவையும் யாராவது கொண்டாந்து கொடுக்கணும். குறைஞ்சா பிரியாது. நீங்களும் ஊதி ஊதிக் கொடுத்துப் பார்த்தீங்க. பத்தலை.”

“தண்ணிக்கு ஏது அவ்வளவு சூடு?”

“தண்ணி அவங்களைப் பிடிச்சு இழுக்கலை. ஒவ்வொருத்தரையும் தனித்தனியா சூழ்ந்து நின்னுச்சு. சூழ்ந்து நிக்கறப்பவும் ஒரு சூடு பிறக்குதுங்க. அதை வெச்சுத்தான் பிரிச்சுது.”

நாச்சிமுத்துவின் கண், உள்ளே சுவரோரம் சாய்ந்திருந்த பாயின் பக்கம் போய் வந்தது.

“செம்பைத் தொட்டுப் பாருங்க.”

தொட்டார்.

“சூடாவும் இல்லை, சில்லுனும் இல்லை.”

“பிறந்த சூடும் பிரிக்கிறதுக்குத் தேவைப்பட்ட சூடும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். அதனாலதான் கைக்குத் தெரியலை.”

“நான் கேட்டது அது இல்லீங்களே.”

“தெரியுமுங்க. இருங்க.”

*

வேலாத்தாள் ஒரு சீசாவைத் திறந்தாள். உள்ளே வெள்ளைப் பொடி இருந்தது.

“மயில்துத்தம்.”

“வெள்ளையாவா? அது நீலமா இல்ல இருக்கும்?”

“நீலமாத்தான் இருந்துது. வறுத்து, அதுக்குள்ள இருந்த ஈரத்தை எல்லாம் விரட்டிட்டேன். விஷமுங்க, கையில படாம பாத்துக்குங்க.”

இன்னொரு செம்பில் கொஞ்சமாகத் தண்ணீர் வைத்து, அந்தப் பொடியை மரக்கரண்டியால் அள்ளிப் போட்டாள்.

தண்ணீர் பட்டதும் பொடி நீலமாயிற்று. மயில் கழுத்தின் நீலம். செம்பின் ஓரத்திலிருந்து மெல்ல ஆவி கிளம்பியது.

நாச்சிமுத்து செம்பை வெளிப்புறமாகத் தொட்டுவிட்டு விரலைப் பின்னுக்கு இழுத்தார்.

“அடேயப்பா! அடுப்பே இல்லாம!”

“இங்கே சூழ்ந்து நின்னதுல பிறந்த சூடு பெரிசு. பிரிக்க ஆனது போக மிச்சம்.”

நாச்சிமுத்து விரலை ஊதிக்கொண்டே சொன்னார்: “மேக்காலத் தோட்டத்து ஆத்தா செத்த வீடு இப்படித்தானுங்க இருந்துது. தொண்ணூறு வயசு. பேரன் பேத்தி எல்லாம் கூடி அவங்க திட்டுன திட்டையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிச்சுச் சிரிச்சு அழுதாங்க. மூணு நாள் உட்கார்ந்துட்டு வந்தேன். காய்ச்சல் விட்டவனாட்டத் தெம்பா வந்தேன்.”

“எல்லா வீடும் உங்களைக் குளிர வைக்கலை, இல்லீங்களா?”

“இல்லீங்கதான்.” அவர் குரல் இறங்கியது. “ஆனா சென்னியப்பன் வீடு…”

வேலாத்தாள் அதற்குள் மூன்றாவது சீசாவைத் திறந்திருந்தாள்.

*

இந்தத் தடவை இரண்டு செம்பு. இரண்டும் ஒரே அளவு. இரண்டிலும் கழுத்தளவு தண்ணீர்.

“இது வெடியுப்பு. குடிச்சுராதீங்க.”

ஆளுக்கு இரண்டு கை அள்ளிப் போட்டார்கள். ஆளுக்கொரு குச்சியால் கலக்கினார்கள்.

நாச்சிமுத்துவின் குச்சி முதலில் வேகமாகச் சுற்றியது. அப்புறம் நின்றது. அவர் செம்பின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

வைகாசி மாதம். முற்றத்தில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. செம்பு கிணற்றடிக் கல்லைப் போல ஜில்லிட்டிருந்தது. வெளிப்புறமெல்லாம் முத்து முத்தாக வியர்த்திருந்தது.

“சூழ்ந்து நின்னதுல பிறந்த சூடு இங்கே பத்தலைங்க,” என்றாள் வேலாத்தாள். “இந்த ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் அப்படிப் பிடிச்சிருந்தாங்க.”

“அப்போ குறைஞ்சதை யாரு கொடுத்தாங்க?”

“தண்ணி கொடுத்துச்சு. தன்கிட்ட இருந்ததுல இருந்து.”

நாச்சிமுத்து கையை எடுக்கவே இல்லை. மெல்லச் சொன்னார்:

“இது நானுங்க.”

வேலாத்தாள் மற்றொரு செம்பை அடுப்படிப் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

“ஒண்ணு உங்ககிட்ட இருக்கட்டும். ஒண்ணு பொன்னாத்தாகிட்ட. மதியச் சோத்துக்கு மணி அடிக்கிறப்ப ரெண்டும் குளிர் விட்டுப் பழையபடி ஆகியிருக்கணும். அடுப்பு மட்டும் கூடாது.”

பொன்னாத்தாள் அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தாள். “எனக்கு இருக்கிற வேலையில இது வேறயா? பந்தயம்னா சொல்லுங்க, பாக்கறேன்.”

“பந்தயந்தான்,” என்றார் நாச்சிமுத்து. ஒன்பது நாளில் அவர் கொஞ்சம் குரலை உயர்த்திப் பேசியது அப்போதுதான்.

*

அவர் செம்பை ஏந்திக்கொண்டு தன் அறைக்குப் போனார்.

பாவம், நன்றாகக் குளிர்ந்து போயிருக்கிறது என்று அதன் மேல் ஓர் இரக்கம் வந்தது. குளிர்ந்த பிள்ளைக்குச் செய்வதைத்தானே இதற்கும் செய்ய வேண்டும்? ஒரு கூடையில் வைக்கோலைப் பரப்பி நடுவில் செம்பை இறக்கினார். தன் கம்பளியை எடுத்து இரண்டு சுற்றுச் சுற்றினார். வாயையும் மூடினார். காற்றுப் பட்டுவிடக் கூடாது என்று சன்னலைச் சாத்தினார். கதவைச் சாத்தினார். பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

ஒரு தாய்க்கோழிகூட இவ்வளவு பொறுப்பாக அடைகாத்திருக்காது.

வெளியே பேச்சுச் சத்தம் கேட்டது. மருந்துக்கு வந்தவர்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். யாரோ இருமினார்கள். யாரோ ஒரு குழந்தையைக் கொஞ்சினார்கள். பொன்னாத்தாள் யாரையோ கடிந்துகொண்டாள்: “அந்தச் செம்பைத் தாண்டிப் போங்க. தட்டிவிட்டுராதீங்க!”

நாச்சிமுத்து கூடையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார். அவள் எங்கே ஜெயிக்கப் போகிறாள்?

மணி அடித்தது.

*

இரண்டு செம்புகளும் வேலாத்தாளின் முன்னால் இருந்தன.

பொன்னாத்தாளின் செம்பைத் துவைக்கிற கல்லின் மேலிருந்து அப்படியே எடுத்து வந்திருந்தார்கள். அதன் கழுத்தில் ஒரு ஈரத் துணியின் சாயம் ஒட்டியிருந்தது. கோழி ஒன்று அதன் மேல் கால் வைத்த அடையாளமும் இருந்தது.

நாச்சிமுத்து அதைத் தொட்டார்.

முற்றத்தில் இருந்த குடம், குண்டா, அண்டா எல்லாம் எப்படி இருந்தனவோ, அப்படியே இருந்தது. குளிர் போன இடம் தெரியவில்லை.

அவர் அவசரமாகத் தன் செம்பின் கம்பளியைப் பிரித்தார். வைக்கோலைத் தட்டினார். உள்ளங்கையை வைத்தார்.

சில்லென்று இருந்தது.

மறு கையையும் வைத்துப் பார்த்தார். அதே சில்லிப்பு.

“நான் வைக்கோல் வெச்சேன், கம்பளி சுத்தினேன், கதவைச் சாத்தினேன். நீ என்ன பண்ணுனே பொன்னாத்தா?”

“நான் ஒண்ணும் பண்ணலீங்களே. வெயில்ல வெச்சதோட சரி. அது பாட்டுக்கு வெளியே கெடந்துது.”

நாச்சிமுத்து வேலாத்தாளைப் பார்த்தார்.

அவள் கம்பளியிலிருந்து வைக்கோலை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“கம்பளிக்கு வெளியே போற சூடும் ஒண்ணுதான், உள்ளே வர்ற சூடும் ஒண்ணுதானுங்க அண்ணா. ரெண்டையும் நிறுத்திரும்.”

கம்பளியை மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். திருப்பித் தரவில்லை.

நாச்சிமுத்து செம்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“வெடியுப்புத் தண்ணி வெத்தலைக் கொடிக்கு நல்லதுங்க,” என்றாள் அவள். “வீணாக்க வேண்டாம். உங்க செம்பை எடுத்துட்டுப் போய்ப் பத்துக் குடம் தண்ணியில கலந்து ஊத்திட்டு வாங்க. அப்படியே ஊத்துனா கொடி கருகிரும்.”

“எந்தக் கொடிக்கால்ல ஊத்தறது?”

“இந்த ஊர்ல ஒரு கொடிக்கால்தானே இருக்குதுங்க.”



“அங்கேயா? எந்த மூஞ்சியோட போவேன்?”

அவள் செம்பை அவர் பக்கம் நகர்த்தினாள்.

அவர் சுவரோரம் திரும்பினார். “அப்போ பாயை எடுத்துக்கட்டுங்களா?”

“பாய் எதுக்கு? தண்ணி ஊத்தத்தானே போறீங்க.”

*

கொடிக்கால் பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் நாச்சிமுத்துவுக்கு அன்று அது நீண்ட வழி.

செம்பைத் துளியும் சிந்தாமல் இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு நடந்தார். இரண்டு இடத்தில் நின்றார். ஒரு தடவை திரும்பிக்கூடப் பார்த்தார்.

கொடிக்காலுக்குள் நிழலாக இருந்தது. அகத்தி மரங்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு மரத்திலும் ஒரு வெற்றிலைக் கொடி ஏறியிருந்தது. நடு வரிசையில் சென்னியப்பன் நின்றிருந்தார். இடுப்பில் ஒரு கத்தை வாழைநார்.

புதிதாக வளர்ந்த கொடியை மரத்தோடு சேர்த்துக் கட்டுவது இரண்டு பேர் வேலை. ஒருவர் பிடிக்க வேண்டும், ஒருவர் முடிய வேண்டும். முப்பது வருடமாக ரங்காத்தாள் பிடிப்பாள், சென்னியப்பன் முடிவார்.

இப்போது அவர் கொடியைத் தாடையால் மரத்தோடு அழுத்திக்கொண்டு, இரண்டு கையாலும் நாரை முடியப் பார்த்தார். கொடி நழுவியது. மறுபடி எடுத்தார். மறுபடி நழுவியது.

காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினார்.

“யாரு, பாய்க்காரரா? பாயைக் காணோம்?”

“இன்னிக்குப் பாய் இல்லீங்க. கொடிக்குத் தண்ணி கொண்டாந்தேன். அம்மணி கொடுத்துவிட்டாங்க.”

“ஒரு செம்புத் தண்ணியா? முந்நூறு கொடிக்கா?”

“பத்துக் குடத்துல கலக்கோணுமாம்.”

“சரி, அப்படி வைங்க. கலந்துக்கலாம்.” அவர் பழக்கத்தில் கொடியைப் பக்கவாட்டில் நீட்டிவிட்டார். “இதைக் கொஞ்சம் பிடி…”

பாதியில் நிறுத்திக்கொண்டார். நீட்டிய கை அப்படியே நின்றது.

நாச்சிமுத்து செம்பைக் கீழே வைத்துவிட்டு, கொடியை வாங்கிப் பிடித்துக்கொண்டார்.

சென்னியப்பன் நாரைச் சுற்றினார். ஒரு முடிச்சுப் போட்டார். அவர் விரல் நாச்சிமுத்துவின் விரலில் பட்டது. அவர் முடிச்சைப் பாதியில் விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

“கை ஏனுங்க இப்படிச் சில்லுனு கெடக்குது?”

நாச்சிமுத்து தரையைப் பார்த்தார். பதினோரு வருடமாக எந்தத் துக்க வீட்டிலும் தானாக ஒரு வார்த்தை பேசாதவர், பேசினார்.

“சென்னியப்பா, அன்னிக்கு நீங்க பிடிச்சப்ப நான் கையை இழுத்துக்கிட்டேன்.”

“ஆமா.”

“அது வழக்கத்துக்காக இல்லீங்க. உங்க துக்கத்தை என் மேல இறக்க வர்றீங்கன்னு நினைச்சுப் பயந்துட்டேன்.”

சென்னியப்பன் அவரை வியப்போடு பார்த்தார்.

“நான் எதுக்குங்க இறக்கறேன்? மூணு நாளா எங்க வீட்டுத் தண்ணி ஒரு வாய்கூடக் குடிக்காம எங்க வாசல்ல உட்கார்ந்திருந்தீங்க. போறப்பயும் வர்றப்பயும் பார்த்துட்டேதான் இருந்தேன். மூணாம் நாளு உங்க கை நடுங்கிட்டிருந்துது.”

அவர் நாரைப் பல்லில் கடித்துக்கொண்டு, நாச்சிமுத்துவின் கையைக் கொடியோடு சேர்த்துப் பிடித்தார்.

“குளிருதோ என்னமோன்னுதான் பிடிச்சேன்.”